டாங்கிள்டு: பாதி தூரம் துணிந்து சென்ற படம்

டிஸ்னியின் ‘டாங்கிள்டு’ (2010) பாட்டும் சிரிப்பும் நிறைந்த குழந்தைகள் படமாகவே பலருக்கும் அறிமுகம். மகளைச் சொல்லாலேயே முடக்கி வைக்கும் ஒரு தாயை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய வெகுஜனப் படங்கள் குறைவு என்பதால், அந்தக் கோணத்தில் மட்டும் அதை இங்கே மதிப்பிடுகிறேன். கதையின் முடிவும் பேசப்படும்.

ரபன்சலை 18 ஆண்டுகளாகக் கோபுரத்தில் அடைத்து வைத்திருக்கும் கோத்தல், அவளை அடிப்பதுமில்லை, பட்டினி போடுவதுமில்லை. மகளைக் கண்ணாடி முன் நிறுத்தி, தன்னம்பிக்கையும் அழகும் கொண்ட ஒரு பெண் தெரிவதாகச் சொல்கிறாள். மகளின் முகம் மலரும்போதே, ‘அடடே, நீயும் இருக்கிறாயா?’ என்று கேட்டுவிட்டு, விளையாட்டுக்குச் சொன்னதாகச் சிரிக்கிறாள். புண்படுத்துவதும், புண்பட்டதை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் செய்வதும் ஒரே மூச்சில் நடந்து முடிகின்றன. அன்பைச் சொல்லி அவள் முத்தமிடும்போதும், உதடு படுவது தன் இளமையைக் காத்துத் தரும் மகளின் மாயக் கூந்தலின்மேல்தான்.

கோபுரத்தைவிட்டு இறங்கிய ரபன்சல் துள்ளி ஓடுகிறாள், மறுகணமே தாய்க்குத் துரோகம் செய்துவிட்டதாக அழுகிறாள். இந்தத் தவிப்பைப் படம் நகைச்சுவையாகவே கையாள்கிறது. ஆனாலும் அது உண்மையான தவிப்பு என்பது, அப்படிப்பட்ட வீட்டைவிட்டு வெளியேறிய எந்த மகளுக்கும் புரியும்.

என் மனக்குறை, கோத்தல் பெற்ற தாய் அல்ல, குழந்தையைத் திருடி வந்தவள் என்பதில் தொடங்குகிறது. பெற்றவளோ அரண்மனையில் மகளுக்காக ஏங்கிக் காத்திருக்கிறாள். இது பழைய தப்பித்தல்: கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் கதையில், 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் மகளைக் கொல்லத் துணிபவள் பெற்ற தாய், 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பெற்றவளே மகளுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ள அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. தாயால் காயப்பட்ட மகள்கள் சொல்வதை ஊர் நம்ப மறுப்பதற்கு இந்தக் கதைகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

முடிவு இதைவிட ஏமாற்றம். கோத்தல் கோபுரத்திலிருந்து விழும்போது ரபன்சலின் கை தன்னையறியாமல் அவளை நோக்கி நீள்கிறது. படத்திலேயே மிக நேர்மையான கணம் அதுதான். ஆனால் அதன்பின் அந்தத் தாயைப் பற்றிய துக்கமோ கேள்வியோ எதுவும் இல்லை. அவளோடு பேசுவதா, விலகுவதா என்று மகள் முடிவெடுக்க வேண்டிய தேவையையே மரணம் நீக்கிவிடுகிறது.

ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் ‘ஆட்டம் சொனாட்டா’ (Autumn Sonata, 1978) படம் அந்தத் தேவையை நேருக்கு நேர் சந்திக்கிறது. மகள் வாசித்த, இசையமைப்பாளர் ஷோப்பானின் பியானோ இசையை, புகழ்பெற்ற பியானோ கலைஞரான தாய் ‘சரியாக’ வாசித்துக் காட்டுகிறாள். அருகிலமர்ந்து தாயையே பார்த்துக்கொண்டிருக்கும் மகளின் முகத்தில் ஒரு வாழ்நாள் முழுவதும் எழுதியிருக்கிறது. இரவில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தபின் தாய் புறப்பட்டுப் போகிறாள், மகள் அவளுக்குக் கடிதம் எழுதுகிறாள்.

‘டாங்கிள்டு’ படத்தைப் பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். தன் கதையைத் திரையில் தேடும் வளர்ந்த மகளுக்கு நான் பெர்க்மனையே பரிந்துரைப்பேன்.