கடல்தாழையா, கான்கிரீட் பாரா?

எங்கள் ஊர்க் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. கரைக்கு எதிரே செயற்கைப் பார், அதாவது மீன் தங்கக் கடலடியில் வைக்கும் கான்கிரீட் திட்டு, இறக்கித் தரும்படி அரசுக்கு மனுக் கொடுப்பது ஒன்று. இருக்கும் தாழைப் படுகையில், அதாவது கடலடிப் புல்வெளியில், நங்கூரமோ மடி வலையோ விழாதபடி நாமே கட்டுப்பாடு வைத்துக்கொள்வது மற்றொன்று. நான் இரண்டாவதற்குக் கை தூக்கினேன். "சும்மா வருவதை ஏன் வேண்டாம் என்றீர்கள்?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள்.

செயற்கைப் பாரைக் குறை சொல்ல வரவில்லை. முக்கோணம், கிணற்று உறை, கலவா வீடு என்று வெவ்வேறு வார்ப்புகளில் கான்கிரீட்டை இறக்குகிறார்கள். பாசியும் சிப்பியும் ஏறியதும் கலவா, செப்பிலி, விளமீன் வந்து தங்கும். தூண்டில்காரருக்கு அலைச்சலும் டீசலும் மிச்சம். இழுவை மடி அந்தப் பக்கம் வந்தால் கிழியும் என்பதால் காவலும் அதுவே. வெறும் மணல் தரையில் இறக்கினால் நானும் மனுவில் கையெழுத்துப் போடுவேன்.

என் கணக்கு முழுவதும் பொந்தின் அளவில் இருக்கிறது. அந்த வார்ப்பின் துளையில் என் தலை நுழையும். என் தலை நுழையும் இடத்தில் சிறு மீனைத் தின்னும் கலவாவும் நுழையும். நகக்கண் அளவுக் குஞ்சுக்கு அது வீடு இல்லை, அடுக்களை. பாரில் மீன் பெருகுகிறதா, சுற்றுவட்டார மீன் வந்து கூடுகிறதா என்ற வழக்கு கடல் ஆய்வாளர்களிடையே பல பத்தாண்டுகளாக நடக்கிறது. கூடியதைத்தான் பிடிக்கிறோம் என்றால் பாரும் ஒரு வலைதான்.

தாழையில் இலைக்கும் இலைக்கும் நடுவே விரல்கூட வசதியாகப் போகாது. வாடை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்த ஒரு காலையில் இடுப்பளவு ஆழத்தில் கண்ணாடி மாட்டிக் குனிந்து பார்த்தேன். சாண் நீள இலைகளின் மேல் மாவு தூவியதுபோல் பாசி. ஓரா மீன் குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு அதைக் கொத்திக்கொண்டே போயின. என் நிழல் விழுந்ததும் இலைகளுக்குள் நழுவி, திட்டுத்திட்டாக நிறம் மாற்றி, இலையோடு இலையாக நின்றுவிட்டன. வேர்ப்பக்கத்தில் நாலணா அளவில் ஒரு நண்டு. தீனியும் மறைவும் ஒரே இடத்தில். வரி இறால் குஞ்சாக வளர்வதும் இந்தப் புல்லில்தான். பெரிதானதும் ஆழத்துக்குப் போய்விடும். விளமீனிலும் செப்பிலியிலும் சில வகைகள் இப்படித்தான், இளமையைப் புல்லில் கழித்துவிட்டுப் பாருக்குக் குடிபோகின்றன. புல் அழிந்த பிறகு பார் கட்டினால் அங்கே குடிவர யார் மிச்சம்?

தாழையின் பலவீனம், அது தன்னைக் காத்துக்கொள்ளாது. மடி வந்தால் கிழிவது புல்தான். நங்கூரத்தை இழுக்கும்போது வேரும் மண்ணுமாக ஒரு கட்டி மேலே வரும். சிறு இலைப் புல் என்றால் சில மாதங்களில் அந்த இடத்தை மூடிவிடும், நாடாபோல் நீண்ட இலைப் புல்லுக்கு வருடங்கள் ஆகும். பிய்ந்த இடத்தில் மூங்கில் சட்டத்தில் தென்னை நார்க் கயிறு கட்டி, புரியில் புல்லைச் செருகி இறக்கும் முறை பாக் விரிகுடாவில் இருக்கிறது. நான் இறக்கிப் பார்த்தது இரண்டே சட்டங்கள். ஒன்று காற்றில் புரண்டுவிட்டது. ஆகவே நட்டு வளர்ப்பதில் என் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருப்பதைப் பிய்க்காமல் விடுவதைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்கிறேன்.

ஒரு துணையும் இருக்கிறது. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்னும் கடல்பசுவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆவுளியா மேய்வது இந்தப் புல்லை. அதன் பெயரைச் சொல்லி ஓராவும் நண்டும் பிழைத்துக்கொள்ளட்டும்.

படுகையின் ஓரத்தில் இப்போது நான்கு மிதவைகள் கட்டியிருக்கிறோம். நங்கூரம் போடாமல் அவற்றில் கயிறு மாட்டுகிறோம். ஐந்தாவதற்கு வசூல் நடக்கிறது. பார் வேண்டும் என்றவர்களில் இரண்டு பேர் பணம் கொடுத்துவிட்டார்கள்.