அம்மாவின் பவளவிழாவும் புறாமலையும்

நிலாவெளிக் கடற்கரையில் புறாமலைத் தீவுக்கு ரிக்கற் கொடுக்கும் இடத்தில்தான் எங்கள் குடும்பம் முதலில் இரண்டாகப் பிரிந்தது. அம்மா, தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் உள்நாடு. நானும் கணவரும் மகனும் வெளிநாடு. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று கொஞ்சம் ரோசத்தோடு சொல்லிப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் சிரித்தார்.

"அக்கா, பிறந்த இடம் பாக்கிறேல்லை. இப்ப கையில என்ன இருக்கெண்டுதான் பாக்கிறது."

கையில் இருந்தது கனடாக் கடவுச்சீட்டு. வெளிநாட்டுக் கட்டணம் உள்நாட்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அம்மாவின் ரிக்கற்றையும் என் ரிக்கற்றையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோது என்னவோ செய்தது. இரட்டைக் குடியுரிமை எடுத்து அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிட்டு வராதீர்கள். படகுக் கூலி வேறு. அது தலைக்கு இல்லை, படகுக்கு. எட்டுப் பேராகப் போன எங்களுக்கு அது லாபமாகவே இருந்தது.

அம்மாவுக்கு 75 வயது. தம்பி நல்லூரில் மண்டபம் பிடித்து, வீடியோக்காரரையும் சொல்லிவைத்து, பெரிதாகச் செய்ய நினைத்திருந்தான். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டா. "சனத்துக்குச் சோறு போட்டு நான் கதிரையில பொம்மை மாதிரி இருக்கிறதோ? எல்லாரும் எங்கையாவது கடலுக்குப் போவம்." எழுபத்தைந்துக்குப் பவளவிழா என்றுதானே சொல்கிறோம், அப்படியானால் பவளப்பாறைக்கே போவோம் என்று பகிடியாகச் சொன்னது நான்தான். சொன்னவள்தான் செய்ய வேண்டும் என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வானில் புறப்பட்டு, வவுனியாவில் திரும்பி, ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலை. வீதி நன்றாக இருக்கிறது, சாரதி மெதுவாக ஓடினார், அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. நகரத்திலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீற்றர் அளவில் நிலாவெளி. ஒரு சிறிய விடுதியில் இரண்டு அறை. வெள்ளைத் துணி விரித்த கட்டில், சத்தம் போடும் ஏசி, கேட்டதும் வரும் தேநீர்.

நாங்கள் போனது ஆடி மாதம். கிழக்குக் கரைக் கடல் அமைதியாக இருக்கும் காலம் சித்திரை, வைகாசியிலிருந்து புரட்டாதி வரைதான். நம்மில் பலர் மார்கழி விடுமுறைக்கு ஊர் வருகிறோம்; அப்போது வடகீழ்ப் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. மார்கழியில் வருபவர்கள் கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் போய்வாருங்கள், புறாமலையை இன்னொரு முறைக்கு வையுங்கள்.

இனிக் குறை. முதல்நாள் பின்னேரம் முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் வாடகைக்கு எடுக்கப் போனோம். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. ரப்பர் இறுகிப்போன கண்ணாடிகள், பலரும் கடித்துக் கடித்துப் பல் அடையாளம் விழுந்த வாய்த்துண்டுகள். கழுவினீர்களா என்று கேட்டால் பக்கத்து வாளியைக் காட்டுகிறார்கள். உயிர்காப்பு அங்கிகளில் இரண்டுக்குக் கொளுக்கி இல்லை, கயிற்றால் கட்டித் தருகிறார்கள். கண்ணாடியில் கொஞ்சம் தண்ணீர் ஒழுகினால் பரவாயில்லை. அங்கி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நின்று, எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்து, பூட்டுகிறதை மட்டும் எடுத்தேன். கடைப் பெடியனுக்கு என்னில் கோபம். இருக்கட்டும்.

அம்மாவுக்கான கண்ணாடியை ரொறன்ரோவிலேயே வாங்கிவந்திருந்தேன். வாங்கும்போது பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கான கண்ணாடி. மீசை வைத்தவர்களுக்கு எதுவும் சரியாக ஒட்டாது, என் கணவர் சாட்சி. முதியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முன்கூட்டியே ஒரு வைத்தியரிடமும் கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டோம். "நீந்த விடாதேங்கோ, மிதக்க விடுங்கோ" என்றார் அவர். சேலைக்குப் பதிலாக என்னுடைய நீளக் காற்சட்டையைப் போடச் சொன்னதற்குத்தான் அம்மா வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்றா.

காலையில் வெள்ளனப் போனது நல்லதாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை, கூட்டம் இல்லை. சனி, ஞாயிறும் பௌர்ணமிப் போயா விடுமுறையும் நெரிசல் என்று படகுக்காரரே சொன்னார். கரையில் இறங்குதுறை கிடையாது. அலை வந்து போகும் இடைவெளியில் படகில் ஏற வேண்டும். எனக்கு இரவு முழுக்க இதுதான் யோசனை. படகுக்காரத் தம்பிகள் இரண்டு பேர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து, அம்மாவை அதில் இருத்தி, கதிரையோடு தூக்கிப் படகில் வைத்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை. நெடுந்தீவில் பிறந்து, குமுதினிப் படகில் குறிகட்டுவானுக்கு வந்துபோன மனுசிக்குத் தன்னைத் தூக்கியது பிடிக்கவில்லை. "நான் என்ன நோயாளியே?" என்றா. இறங்கும்போது மறுபடி தூக்கினார்கள், அப்போது பேசாமல் இருந்தா.

கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான் தூரம். பெரிய தீவும் சின்னத் தீவுமாக இரண்டு. பாறை இடுக்குகளில் மாடப்புறா வாழ்வதால் இந்தப் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் சுட்டுப் பழகுவதற்கு இந்தத் தீவைப் பயன்படுத்தினார்கள் என்று படித்தபோது, அந்தப் புறாக்களின் பாட்டன்மாரை நினைத்துக்கொண்டேன். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. பொலித்தீன் பைகளை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். தீவில் கடை இல்லை, தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். கரையில் மணலை விட உடைந்த முருகைத் துண்டுகள்தான், அதாவது பவளப்பாறைத் துண்டுகள்தான் கூட. வெறுங்காலோடு நடக்க முடியாது.

அம்மா தண்ணீருக்குள் இறங்கியது இடுப்பளவு ஆழத்தில். அங்கியைப் போட்டு, ஒரு வட்ட மிதவையைப் பிடித்துக்கொண்டு, படகுக்காரத் தம்பிகளில் இளையவன் கயிற்றின் மறுமுனையில். முதல்முறை முகத்தை வைத்ததும் மூக்கால் மூச்செடுக்கப் போய், பதறி எழும்பினா. இரண்டாம் முறை வாய்க்குள் உப்புத்தண்ணி. போதும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெடியன் அவசரப்படவில்லை.

"அம்மா, வாயால ஊதுங்கோ. அடுப்பு ஊதுற மாதிரி. பிறகு இழுங்கோ."

அடுப்பு என்றதும் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் முறை முகத்தை வைத்தவ எழும்பவில்லை. குழாயிலிருந்து ஊ, ஊ என்று மூச்சுச் சத்தம் மட்டும். அவன் மிதவையை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு போனான். நான் பக்கத்தில் நீந்தினேன். கீழே முருகைகள்: மான்கொம்பு போலக் கிளைத்தவை, மூளை போலச் சுருண்டவை, மேசை போல விரிந்தவை. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் காதுக்குக் கேட்கிறது. கொறித்த கல் அவற்றின் வயிற்றில் அரைந்து மணலாக வெளியே வரும். நாங்கள் கால் வைத்த மணலில் எவ்வளவு அப்படி வந்ததோ.

கொஞ்ச நேரத்தில் அம்மா தலையை நிமிர்த்தி, குழாயைத் துப்பிவிட்டு, "பிள்ளை, இது எங்கட வேலிக் கல்லடி!" என்றா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நெடுந்தீவுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அங்கே வீட்டுக்கு வீடு வேலி, முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியது. அம்மா அந்த வேலியில் ஏறி விழுந்து வளர்ந்தவ. காய்ந்து வெளுத்துப்போன கல்லாகவே அதைத் தெரியும், உயிரோடு கண்டதில்லை. மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு இனம், இங்கே கிடையாது. அம்மா அதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தா. அது இல்லை என்ற ஏமாற்றம் வேலிக் கல்லைக் கண்டதும் போய்விட்டது. கல்லுக்குள் குடியிருக்கும் சின்னப் பிராணிகள் கட்டியதுதான் இந்தக் கல் என்று என் மகன் விளக்கம் சொன்னான். "அப்ப எத்தினை வீட்டை உடைச்சு நாங்கள் ஒரு வேலி கட்டியிருக்கிறம்" என்றா அம்மா. பிறகு திரும்பவும் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டா. அடுத்த முறை எழும்பியது ஓரா மீன் கூட்டம் ஒன்றைக் காட்ட. வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் கூழுக்கு எவ்வளவு திறம் என்று சொன்னா.

மகனும் தம்பியின் மூத்தவனும் தீவின் மறுபக்கம் போய்க் கருமுனைச் சுறா கண்டார்கள். ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேல்வரைதான் வளரும், சீண்டாவிட்டால் ஆளைக் கண்டு அதுதான் ஓடும். ஆமை எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு எரிச்சல் தந்தது ஒன்றுதான்: நீந்தத் தெரியாதவர்கள் களைத்ததும் முருகையின் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். எங்கள் படகுக்காரப் பெடியன் கை தட்டிக் கத்தினான். சிலர் இறங்கினார்கள், சிலர் அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள். பிள்ளைகளுக்கு முதலே சொல்லிக் கூட்டிப்போங்கள். நீந்தாதவர்கள் அங்கியோடு மிதந்தாலே எல்லாம் தெரியும், நிற்கத் தேவையில்லை.

கரைக்குத் திரும்பிய பிறகு உப்பைக் கழுவ விடுதிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே அடுத்த கூத்து. முட்டை போடாத கேக் ஒன்றை நகரத்தில் செய்வித்து, விடுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கொடுத்திருந்தோம். அவர்கள் பழுதாகக் கூடாதென்ற அக்கறையில் மீன் வைக்கும் உறைபெட்டியில் வைத்துவிட்டார்கள். கேக் கருங்கல். மேலே "75" மட்டும் நல்ல வடிவாக இருந்தது. கத்தி வளைந்ததே தவிர வெட்டுப்படவில்லை. மேலாளர் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார், சூடான பாயசம் கொண்டுவந்தார், கணக்கில் சேர்க்கவில்லை. மீன் வாசம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில், மறந்துவிட்டு வந்த என் மகனின் செருப்பைக் கொடுக்க வந்த படகுக்காரப் பெடியன்தான் கயிறு அறுக்கும் கத்தியைக் கழுவிக்கொண்டுவந்து கேக்கைப் பிளந்தான். முதல் துண்டுக்குத் தம்பியின் சின்னவள் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அம்மா அவளைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தப் பெடியனின் வாயில் ஊட்டிவிட்டா.

"என்ர தலையைத் தண்ணிக்குள்ள வைக்கப் பண்ணினது இவன்தானே" என்றா.