முதலாம் படிவத்திற்கு எந்தப் பள்ளி? பினாங்கு வடகிழக்கு மாவட்டத்தில் மூன்றைப் பார்த்த பிறகு

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் மகள் அடுத்து இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்திற்குச் செல்லவிருப்பதால், ஜெலுத்தோங்கிலிருந்து நாள்தோறும் சென்றுவரக்கூடிய தூரத்தில் உள்ள மூன்று அரசாங்க இடைநிலைப்பள்ளிகளை நானும் கணவரும் நேரில் சென்று பார்த்தோம். குறைகளையும் எழுதப்போவதால் பெயர்களைத் தவிர்க்கிறேன். ஒன்று நகருக்குள் இருக்கும் பழைய பெண்கள் பள்ளி. இன்னொன்று அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே அமைந்த இருபாலர் பள்ளி. மூன்றாவது, பெரிய சாலையோரத்தில் விசாலமான திடலோடு இருக்கும் பள்ளி.

1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், 1852இல் தொடங்கிய செயின்ட் சேவியர் போன்ற பள்ளிகள் இந்தத் தீவில் இருப்பதாலோ என்னவோ, பழைய பள்ளி என்றாலே நல்ல பள்ளி என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. முன்பு ஆறாம் ஆண்டில் எழுதும் யூபிஎஸ்ஆர், மூன்றாம் படிவத்தில் எழுதும் பிடி3 ஆகிய தேர்வுகளின் தேர்ச்சி விகிதங்களையாவது பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 2021இல் முன்னதும் 2022இல் பின்னதும் நிறுத்தப்பட்ட பிறகு, வெளியார் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதில் பள்ளியின் சராசரித் தரப்புள்ளியைப் படிக்கும்போது கவனம் தேவை: ஏ பிளஸ்ஸுக்கு 0, தோல்விக்கு 9 என்று கணக்கிடுவதால், எண் குறையக் குறையத்தான் பள்ளி மேலானது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாட்சாப்பில் வாழ்த்துச் சொன்ன உறவினர் எங்களுக்கும் உண்டு. மேலும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைச் சலித்து எடுக்கும் பள்ளியின் எண்ணும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அனைவரையும் சேர்க்கும் பள்ளியின் எண்ணும் ஒரே தராசில் நிற்காது. ஆகவே நான் வேறொன்றைக் கேட்டேன்: மலாய்மொழியிலும் வரலாற்றிலும் எத்தனை பேர் தவறுகிறார்கள்? இவ்விரண்டில் ஒன்றில் தவறினாலும் எஸ்பிஎம் சான்றிதழ் கிடையாது. வரலாறு 2013இல் இந்த நிபந்தனைக்குள் வந்தது. பழைய பள்ளியில் உடனே பதில் வந்தது. மற்ற இரண்டிலும் கோப்பைத் தேட வேண்டியிருந்தது.

இதைவிட எங்களுக்கு முக்கியமாகப் பட்டது தமிழ்மொழிப் பாடம். நாட்டில் தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லாத நிலையில், ஆறாண்டுகள் தமிழில் படித்த பிள்ளைக்கு அதன் பிறகு கிடைப்பது இந்த ஒரு பாடம்தான். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அதைக் கற்பிக்க வழிசெய்ய வேண்டும். எனினும் அட்டவணையில் அது எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில்தான் பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது. பழைய பள்ளியில் தமிழ் வகுப்பு பிற்பகல் 2.10க்குத் தொடங்குகிறது. பள்ளி வேனோ 1.50க்குப் புறப்பட்டுவிடும். "மூன்று பிள்ளைகளுக்காகப் பத்துப் பேரை வெயிலில் உட்கார வைக்க முடியாது, அக்கா" என்றார் வேனோட்டி. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. சாலையோரப் பள்ளியில் வகுப்பே இல்லை. விருப்பம் தெரிவித்தவர்கள் 11 பேர்தானாம். இது முதல்வர் சொல்லித் தெரியவில்லை, காவலாளி சொல்லித் தெரிந்தது. அடுக்குமாடிப் பள்ளியில் மட்டும் சீனமொழி வகுப்பு நடக்கும் அதே பாடவேளையில், காலை நேரத்திலேயே, தமிழும் நடக்கிறது. பாடவேளை என்று சொல்லக் கிடைத்ததே போதும் என்று என் கணவர் முணுமுணுத்தார்.

அங்குள்ள தமிழாசிரியை மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தடித்த பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். முதலாம் படிவத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் தங்கள் கையெழுத்தில் தொடர்ந்து எழுதிவரும் சொற்பட்டியல் அது. இடப்பக்கத்தில் உராய்வு, நெம்புகோல், ஒளிச்சேர்க்கை. வலப்பக்கத்தில் அவற்றுக்கான மலாய்ச் சொற்கள்: கெசேரான், துவாஸ், ஃபோட்டோசிந்தேசிஸ். நெம்புகோலுக்கு எதிரே யாரோ ஒரு சிறுவன் ஏறி இறங்கும் சீசா பலகை ஒன்றை வரைந்து, ஒரு முனையில் யானையை உட்கார வைத்திருந்தான். அறிவியலையும் கணிதத்தையும் தமிழில் படித்த பிள்ளைக்கு, மலாயில் கற்பிக்கும் புதிய பள்ளியில் சறுக்குவது பெரும்பாலும் பாடம் அல்ல, சொல்தான். "முதல் சில மாதங்கள் தெரிந்த விடையைத் தெரியாத மொழியில் எழுதும், மதிப்பெண் விழுந்தால் வீட்டில் திட்டாதீர்கள், அம்மா" என்று ஆசிரியை சொன்னது, மூன்று பள்ளிகளிலும் எனக்குக் கிடைத்த மிக உருப்படியான தகவல். பழைய பள்ளியில் 2016இல் அறிமுகமான இருமொழிப் பாடத்திட்டம் இருக்கிறது. அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் நடக்கும். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு அது பெரிய வரம். என் மகளுக்கோ மலாயோடு சேர்த்து இரண்டு மொழிகளில் ஒரே நேரத்தில் தாவ வேண்டியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிற்றுண்டிச்சாலை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நூலகம், புறப்பாட நடவடிக்கைகள் ஆகியவற்றில் பழைய பள்ளியை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. முன்னாள் மாணவியர் சங்கம் இருப்பதன் பலன் ஒவ்வொரு சுவரிலும் தெரிகிறது. அடுக்குமாடிப் பள்ளியின் கழிவறைகளைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தேன்: மாணவியர் பகுதியில் ஐந்து கதவுகளில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் இதைக் கேட்டபோது, "ஒதுக்கீடு வர வேண்டும்" என்ற வழக்கமான பதில் வந்தது. ஒரு தாழ்ப்பாள் பத்து ரிங்கிட்டுக்குக் கூடக் கிடைக்கும்.

நன்றாக ஆங்கிலம் பேசும், விளையாட்டில் நாட்டமுள்ள, வீட்டில் யாராவது மதியம் சென்று அழைத்துவர முடிகிற பெண்பிள்ளைக்குப் பழைய பள்ளியையே பரிந்துரைப்பேன். தமிழ் வகுப்பு திறக்கும்வரை சாலையோரப் பள்ளியை எங்கள் பட்டியலில் வைப்பதற்கில்லை. இடம் ஒதுக்குவது கல்வி இலாகாவின் வேலை என்றாலும், எங்கள் முதல் விருப்பம் அடுக்குமாடிப் பள்ளிதான். மகளும் சம்மதித்துவிட்டாள், பள்ளி திறப்பதற்குள் அப்பா இரண்டு தாழ்ப்பாள் வாங்கித் தர வேண்டும் என்பது மட்டும் அவளுடைய நிபந்தனை.