ஆண்டுக்கு எத்தனை க்ரூஸ்? பல வருடம் போய்வந்த பிறகு போட்ட கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு இரண்டு க்ரூஸ், அதாவது உல்லாசக் கப்பல் பயணம், போதும். அதில் ஒன்றாவது பத்து இரவுக்கு மேல் நீள வேண்டும். மூன்று இரவு, நான்கு இரவுக் குட்டிப் பயணங்களை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எந்தக் கப்பலில் நீச்சல்குளம் பெரிது, எதில் நிகழ்ச்சி நன்றாக இருக்கும் என்றெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது க்ரூஸ் போகும் பழக்கத்தைப் பற்றி. நானும் மனைவியும் ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒருமுறை போனோம். பிறகு இருமுறை ஆனது. நடுவில் சில வருடம் தலைக்கேறி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டினோம். கப்பலை விட்டு இறங்காமல் அடுத்த பயணத்தையும் அதிலேயே தொடரும் ‘பேக் டு பேக்’ முறையையும் பார்த்தாகிவிட்டது. 2024ல் உலகம் முழுக்க சுமார் 3.46 கோடி பேர் கடல் க்ரூஸ் போனதாக க்ரூஸ் நிறுவனங்களின் சங்கமான க்ளியா சொல்கிறது. 2019ல் அது 2.97 கோடி. இத்தனை பேர் போகிற விஷயத்தில் ‘எத்தனை தடவை போனால் சரி’ என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. எந்தக் கேபின், எந்தத் தளம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஏழு இரவுப் பயணம் என்றால் ஏழு நாள் விடுமுறை என்றுதான் தோன்றும். கைக்கு வருவது ஆறு நாள். ஏறும் நாளில் பாதி வரிசையிலும் சோதனையிலும் போய்விடும். மதியத்துக்கு மேல்தான் கேபின் கிடைக்கும், பெட்டி வந்துசேர சாயங்காலம் ஆகும். இடையில் அவசரகாலப் பயிற்சி. 2012ல் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகு, கப்பல் கிளம்புமுன்பே அதை முடித்தாக வேண்டும் என்று விதி இறுகிவிட்டது. நல்ல விதிதான், நேரம் பிடிக்கும். கடைசி நாள் இன்னும் மோசம். முந்தின ராத்திரியே பெட்டியைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைக்க வேண்டும், காலை எட்டு எட்டரைக்குள் கேபினைக் காலி செய்ய வேண்டும். இந்த இரண்டு அரைநாட்களும் பதினான்கு இரவுப் பயணத்திலும் உண்டு, மூன்று இரவுப் பயணத்திலும் உண்டு. மூன்று இரவில் முழுசாக மிஞ்சுவது இரண்டே நாள்.

கப்பலுக்கு வெளியே ஆகும் அலைச்சலும் அப்படித்தான். கப்பல் யாருக்காகவும் நிற்காது, அதனால் முந்தின நாளே துறைமுக ஊருக்குப் போய்த் தங்கியாக வேண்டும். விமானம், ஓட்டல், காப்பீடு, விசா, அலுவலகத்தில் லீவு, இவையெல்லாம் பயணத்துக்கு ஒருமுறை ஆகிற செலவு. எத்தனை இரவு என்று அவை பார்ப்பதில்லை. நான்கு மூன்று-இரவுப் பயணம் போனால் எட்டு முழு நாள் கிடைக்கும், நான்கு முறை அலைய வேண்டும். பன்னிரண்டு இரவை ஒரே பயணமாகப் போனால் பதினோரு முழு நாள், அலைச்சல் ஒரே முறை. துறைமுகத்துக்குக் காரிலேயே போய்விடக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். மயாமி, கேல்வெஸ்டன், சவுத்தாம்ப்டன் பக்கத்து ஆட்கள் வெள்ளிக்கிழமை ஏறித் திங்கட்கிழமை இறங்குவதில் எனக்கு மறுப்பு கிடையாது. பொறாமை உண்டு.

வருடத்துக்கு ஒன்று என்றிருந்த காலத்தில் பெரிய குறை எதுவும் இல்லை. ஒன்றைச் சொல்லலாம்: அந்த ஒன்றின் தலையில் எல்லா ஆசையையும் ஏற்றிவிடுகிறோம். எல்லாத் துறைமுகத்திலும் கரைச் சுற்றுலா, எல்லா இரவும் நிகழ்ச்சி. ஐக்கன் ஆஃப் த சீஸ் மாதிரி 20 தளம் உள்ள கப்பல் என்றால் வழி பழகவே இரண்டு நாள் ஓடிவிடும். காற்று கூடி கேப்டன் ஒரு துறைமுகத்தை ரத்து செய்தால், அந்த வருடமே போய்விட்ட மாதிரி முகம் தொங்கும். சான்டோரினி, கிராண்ட் கேமன் போல, கப்பலைக் கடலிலேயே நிறுத்தி டெண்டர் என்ற சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய் இறக்கும் இடங்களில் இது நடக்கக்கூடியதுதான். வருடத்துக்கு இரண்டு போகிறவர் அன்றைக்குக் கப்பலிலேயே ஒரு நல்ல நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிடுவார். கப்பல் காலியாகக் கிடக்கும் துறைமுக நாளைப் போல சுகமான நாள் வேறில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

இனி, தலைக்கேறிய காலம். அதற்குப் பெரிய காரணம், திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குக் கப்பல் நிறுவனங்கள் சலுகையோடு தரும் உறுப்பினர் படிநிலைதான். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கிரவுன் அண்ட் ஆங்கர் சொசைட்டி என்ற திட்டத்தில் இரவுக்கு ஒரு புள்ளி. 3 புள்ளியில் கோல்டு, 30ல் பிளாட்டினம், 55ல் எமரால்டு, 80ல் டைமண்ட், 175ல் டைமண்ட் பிளஸ், 700ல் பினாக்கிள். ஏழு இரவுப் பயணம் வருடத்துக்கு ஒன்று போகிறவர் டைமண்ட் தொட பன்னிரண்டாவது வருடம் ஆகும். பினாக்கிள் தொட சரியாக நூறு வருடம். சூட் என்ற பெரிய அறை எடுத்தால் புள்ளி இரட்டிப்பு, அப்போதும் ஐம்பது. இதைப் பார்த்ததும் நமக்கு என்ன தோன்றும்? ‘இன்னும் எட்டு இரவுதானே, நவம்பரில் ஒன்று போட்டுவிடலாம்’ என்று தோன்றும். தினம் சில பானம் இலவசமாகக் கிடைக்க, ஒரு முழுப் பயணத்துக்குப் பணம் கட்டுகிற ஆட்களைக் கப்பல் கப்பலாகப் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் நாங்களும் கொஞ்ச காலம் நின்றோம்.

அந்தப் படிக்கட்டு அப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. கார்னிவல் என்ற இன்னொரு நிறுவனம் தன் பழைய திட்டத்தில் இரவுகளை எண்ணிக்கொண்டிருந்தது, 200ல் டைமண்ட். 2025ல், அடுத்த ஆண்டு ஜூன் முதல் செலவழிக்கும் பணத்தை வைத்துத் தரம் பிரிக்கும் புதுத் திட்டம் வரும் என்று அறிவித்துவிட்டது. வருடக்கணக்காக இரவு சேர்த்தவர்களின் புலம்பல் எல்லா மேசையிலும் கேட்டது. எத்தனை தடவை போவது என்பதைப் புள்ளியிடம் விட்டால், விளையாட்டின் விதி நம் கையில் இல்லை.

கடலின் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதே மேல் என்று எனக்குப் படுகிறது. அலாஸ்கா சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடியும். அண்டார்டிகாவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதில் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். அந்த மாதங்களில் கரீபியன் போனால் கப்பல் புயலைச் சுற்றிக்கொண்டு போய்விடும், ஆனால் நீங்கள் புக் செய்த துறைமுகத்துக்குப் பதில் வேறு எங்காவது இறக்கும். மத்தியதரைக் கடல் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை. கோடையில் ஐரோப்பாவில் ஓடிய கப்பல்கள் குளிருக்குக் கரீபியன் போகும், வசந்தத்தில் திரும்பி வரும். அந்த இடமாற்றப் பயணங்களுக்கு ரீபொசிஷனிங் என்று பெயர். ஏப்ரல்-மே வாக்கில் ஒரு கொத்து, அக்டோபர்-நவம்பரில் இன்னொரு கொத்து. ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கை எனக்குக் கொடுத்தவையே இவைதான்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் என் வருடத்தில் நான் கடைசிவரை விட்டுக்கொடுக்காத பயணம் இது. பதின்மூன்று முதல் பதினைந்து இரவு. அட்லாண்டிக்கில் இருக்கும் மதீராவிலோ அசோர்ஸ் தீவிலோ ஒரு நிறுத்தம் இருக்கலாம். அதற்குப் பிறகு ஆறேழு நாள் தொடர்ந்து கடல், கரையே கிடையாது. பள்ளி நடக்கும் காலம் என்பதால் குழந்தைகள் கூட்டம் குறைவு, இரவுக்கு ஆகும் கட்டணமும் பெரும்பாலும் குறைவு. மேற்கு நோக்கிப் போனால் கடிகாரத்தை ஒவ்வொரு மணியாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். அதாவது வழியில் ஐந்தாறு நாட்களுக்கு 25 மணி நேரம். விமானத்தில் போனால் உடம்பு படுகிற பாடு எதுவும் இல்லை. கிழக்கு நோக்கி வந்தால் அதே கணக்கு தலைகீழ், தினம் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே விமானத்தில் கிழக்கே போய், இலையுதிர்காலத்தில் கப்பலில் மேற்கே வருவதுதான் எங்கள் வழக்கம். மூன்றாம் நாள் வாக்கில் எல்லோருக்கும் பேச்சு மெதுவாகிவிடும். புத்தகம் தூக்கி வருகிறவர்கள் உண்மையாகவே படிப்பதை இந்தப் பயணத்தில்தான் பார்த்தேன். ஆனால் அலை ஒத்துவராதவர்கள் முதல் க்ரூஸாக இதை எடுக்க வேண்டாம். எடுத்தே தீருவேன் என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கேபின் போடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

அடிக்கடி போனால் என்ன ஆகிறது? முதலில் சலிப்பது துறைமுகம். கோசுமெல், நாசாவ் என்று அதே கரை, அதே கடைத்தெரு. பிறகு மேடை நிகழ்ச்சி, ஒரே வகைக் கப்பல்கள் பலவற்றில் ஒரே நிகழ்ச்சி ஓடும். கடைசியாகத்தான் கப்பல் சலிக்கும். அதற்கு நீண்ட நாள் ஆகும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். உடம்பு வேறு கணக்குக் கேட்கும். இறங்கிய பிறகு ஓரிரு நாள் தரை ஆடுவது போலிருப்பது சாதாரணம். வெகு சிலருக்கு அது மாதக்கணக்கில் நிற்கும், அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அடுத்ததைப் போடக் கூடாது. ஆயிரக்கணக்கானவர்கள் கைப்பிடியும் லிஃப்ட் பொத்தானும் தொடும் இடம் வேறு. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி தன் மேற்பார்வையில் உள்ள கப்பல்களில், பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுப் போக்கு, வாந்தி வந்தால் அதைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. பயப்பட வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். இந்த வயிற்றுக் கோளாறைப் பெரும்பாலும் கொண்டுவரும் நோரோவைரசுக்குக் கை துடைக்கும் ஜெல் சரிப்பட்டு வராது.

இன்னொரு பக்கம், ஊர்களே கதவைச் சாத்த ஆரம்பித்துவிட்டன. 2021 ஆகஸ்ட் 1 முதல் வெனிஸின் ஜுதெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் நுழைய முடியாது. அலாஸ்காவின் ஜூனோவில் 2024 முதல் ஒரு நாளுக்கு ஐந்து பெரிய கப்பல்கள்தான். அங்கேயே உள்ள கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளுக்கு இரண்டு க்ரூஸ் கப்பலுக்கு மேல் விடுவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். நல்ல இடங்கள் குறைந்த எண்ணிக்கையில்தான் கிடைக்கப் போகின்றன. அவற்றுக்காக லீவையும் பணத்தையும் சேர்த்து வைப்பது, கிடைத்த நான்கில் ஏறுவதைவிட மேல்.

பேக் டு பேக் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பயணம் முடிகிற நாளில் மற்றவர்கள் இறங்க, நீங்கள் பாஸ்போர்ட் சோதனையை முடித்துவிட்டு உங்கள் கேபினுக்கே திரும்புவீர்கள். அந்தச் சில மணி நேரம் கப்பலே உங்களுடையது. ஒரு விமானச் செலவில் இரண்டு க்ரூஸ். கிழக்குக் கரீபியன் ஒரு வாரம், மேற்குக் கரீபியன் மறு வாரம் என்று மாறி மாறிப் போகும் கப்பலாகப் பார்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதே துறைமுகங்களை இரண்டு முறை பார்ப்பீர்கள். அமெரிக்காவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கும். வெளிநாட்டுக் கொடி உள்ள கப்பல், தொலைதூர வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. சியாட்டிலிலிருந்து வான்கூவர், அங்கிருந்து அதே கப்பலில் அலாஸ்காவின் விட்டியர் என்று இரண்டு டிக்கெட் எடுத்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது ஒரே பயணம்தான், அனுமதி கிடைக்காது. ஐரோப்பாவில் ஷெங்கன் விசா வாங்கிப் போகிறவர்கள் பன்முறை நுழைவு விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் நடுவில் துருக்கியைத் தொட்டுவிட்டு வந்தாலே அது இரண்டாம் நுழைவு.

வருடம் முழுக்கக் கப்பலிலேயே இருந்துவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. ‘த வேர்ல்டு’ என்ற குடியிருப்புக் கப்பல் 2002 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது பெரும் பணக்காரர்களின் உலகம். நடுத்தரக்காரர்களை நம்பி வந்த முயற்சிகள் அவ்வளவு சுலபமாக நகரவில்லை. மூன்று வருடப் பயணம் என்று அறிவித்த ஒன்று 2023ல் கிளம்பாமலே ரத்தானது. வில்லா வீ ஒடிஸி என்ற இன்னொரு குடியிருப்புக் கப்பல் 2024ல் பழுதுபார்ப்புக்காகப் பெல்ஃபாஸ்ட்டில் நான்கு மாதம் நின்றது. எனக்கு அந்த ஆசை வந்ததில்லை.

பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் ஆண்டுக்கு ஒன்றே அதிகம், விடுமுறைக் காலக் கட்டணம் அப்படி. தனியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தைக் கட்ட வேண்டி வரும். 2010ல் நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒருவருக்கென்றே 128 ஸ்டூடியோ கேபின்கள் வந்தன, பிறகு மற்றவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும். தனியாகப் போகிறவர்கள் முன்கூட்டியே ஒரு பயணத்தைப் பிடித்துவிட்டு, இரண்டாவதைக் கடைசி நேரச் சலுகை வந்தால் மட்டும் பார்க்கலாம்.

வருடத்துக்கு இரண்டு என்று முடிவானால் காப்பீட்டையும் ஆண்டு பாலிசியாக எடுப்பது லாபம். எடுக்குமுன் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள் என்பது ஒன்று, க்ரூஸ் அதில் அடங்குமா, தனியாகச் சேர்க்க வேண்டுமா என்பது மற்றொன்று. நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குத் தூக்கிப் போகும் செலவு அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கும்.