எகிப்தா, நூபியாவா? முனைவர் பட்டத்துக்கு எதை எடுப்பது

நூபியா என்பது எகிப்தின் தெற்கும் இன்றைய சூடானின் வடக்கும் சேர்ந்த பண்டைய நிலப்பகுதி. இரண்டில் எதை ஆய்வது என்பதுதான் கேள்வி.

மொழி: எகிப்தில் 1822-இலேயே பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் சித்திர எழுத்தை வாசித்துக் கதவைத் திறந்துவிட்டார், இலக்கணம், அகராதி எல்லாம் தயார். நூபியாவின் பண்டைய எழுத்தான மெரோயிட்டிக்கை வாசிக்கலாம், பொருள்தான் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. புதிர்ப் பித்து உள்ளவர்களுக்கு இதுவே கொண்டாட்டம்.

வேலை: எகிப்தியவியலில் இடங்களும் அதிகம், போட்டியும் அதிகம். நூபியாவுக்கென்று தனிப் பதவி அபூர்வம்.

களம்: எகிப்தின் லக்சரில் அனுமதிக்கு அலையணும், ஆனால் தோண்டலாம். சூடானில் 2023 ஏப்ரல் முதல் போர். கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகமே சூறையாடப்பட்டது. அதற்காக நூபியாவைக் கைவிட வேண்டாம். எகிப்தின் அஸ்வான் உயர் அணை நீரில் மூழ்காமல் 1960-களில் நூபியாவிலிருந்து மீட்கப்பட்ட பொருட்கள் ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் நிறைய இருக்கின்றன.

அரபி, பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் இரண்டு துறைக்குமே வேண்டும்.

நிலையான வேலைதான் முக்கியமென்றால் எகிப்து. பொறுமையும் உதவித்தொகையும் இருந்தால் நூபியா. நானாக இருந்தால், சரி, பட்டம் எகிப்தியவியலில், ஆய்வேடு மட்டும் நூபியாவின் பண்டைய நகரமான கெர்மாவின் பானைகளில்.