பாளையங்கோட்டையில் இரு ஜெர்மானியர்: சுவார்ட்ஸும் ரேனியஸும்

இருவருமே கிறிஸ்தவ மிஷனரிகள். 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்து கிளாரிந்தா என்ற பிராமண அம்மையாருக்குத் திருமுழுக்குக் கொடுத்த சுவார்ட்ஸ், இங்கே தங்கியவர் அல்லர். அந்த அம்மையார் எழுப்பிய கோவிலையும் ஊரார் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றே சொல்கிறார்கள். ரேனியஸோ 1820 முதல் இங்கேயே குடியிருந்து, தமிழ் இலக்கணம் எழுதி, பிரஷ்யப் பிரபு தோனா கொடுத்த பணத்தில் 1827-இல் டோனாவூர் என்ற கிறிஸ்தவக் கிராமத்தை அமைத்தார்.

இருவரையும் உண்மையில் பிரித்துக் காட்டுவது குருப்பட்ட விவகாரம்தான், அதாவது உள்ளூர் ஊழியர்களைப் போதகர்களாக்கும் சடங்கு பற்றிய சிக்கல். 1790-இல் சுவார்ட்ஸின் உதவியாளரான சத்தியநாதன், ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் சபையான லுத்தரன் முறைப்படி பட்டம் பெற்றபோது, சுவார்ட்ஸை ஆதரித்த ஆங்கிலேயச் சங்கம் அதை ஏற்றதோடு, அவருடைய பிரசங்கத்தை லண்டனில் அச்சிடவும் செய்தது. தம் உபதேசியார்களுக்கும் அதே முறையில் பட்டம் கொடுக்க ரேனியஸ் முனைந்த காலத்திலோ, கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பேராயர் இருந்தார்; அந்தச் சபை முறைப்படி பட்டம் கொடுக்கும் உரிமை பேராயருக்கே உண்டு. பிடிவாதம் இரு பக்கமும் இருந்தது என்பேன். 1835-இல் ரேனியஸை அனுப்பியிருந்த ஆங்கிலிக்கன் அமைப்பான சர்ச் மிஷனரி சங்கம் அவரை விலக்கியது. மூன்றே ஆண்டுகளில் இறந்த அவருடைய கல்லறை பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது, சுவார்ட்ஸுடையது தஞ்சையில்.