‘செல்ஃப் ப்ரிப்பேர்ட்’ என்று அச்சடித்துக் கொடுத்த கன்சல்டன்ட்

டாலஸ் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நம் மக்களுக்காக இதை எழுதுகிறேன். வரி சீசன் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்களில் ‘அதிகபட்ச ரீஃபண்ட்’ விளம்பரங்கள் வந்து விழும். நான் ஏமாந்ததும் அப்படி ஒன்றில்தான்.

2022 ஜூன் 6ஆம் தேதி எச்1பி-யில் வந்து இறங்கினேன், மனைவி எச்4. மறுவருடம் பிப்ரவரியில் ஆபீஸ் நண்பர் ஒரு கன்சல்டன்ட் நம்பரைக் கொடுத்து, “நம்ம ஊர்க்காரர்தான், நல்லா எடுத்துக் கொடுப்பார்” என்றார். ஆபீஸ் தரும் வருடச் சம்பளப் படிவமான டபிள்யூ-2வைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஊரில் ஜனவரியிலிருந்து மே வரை வாங்கிய சம்பளத்தை என்ன செய்வது என்று நானேதான் கேட்டேன். “அதுக்குத்தான் இந்தியாவுலயே டிடிஎஸ் பிடிச்சுட்டாங்களே பிரதர், இங்க காட்ட வேண்டாம்” என்றார். ஊரில் பேங்க் அக்கவுண்ட் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரீஃபண்ட் 6,200 டாலர். அதில் பத்து சதவீதம் அவர் கட்டணம். ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் போகாதீர்கள் என்று அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸே சொல்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மனைவிக்கு ஐடின் நம்பர் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடைக்காதவர்களுக்கான வரி எண்) வேண்டும் என்பதால் ரிட்டர்னைப் பேப்பரில்தான் அனுப்ப வேண்டும் என்றார். பிரிண்ட் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, அவள் ஒரிஜினல் பாஸ்போர்ட்டையும் வைத்து ஆஸ்டினுக்குத் தபாலில் அனுப்பினோம். பாஸ்போர்ட் திரும்பி வரும்வரை அவளுக்குத் தூக்கமில்லை. அந்தக் கவலையில் நான் கடைசிப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. அடுத்த வருடமும் அதே ஆளிடம்தான் போனேன்.

2025 ஜனவரியில் வேறு விஷயத்துக்காக ஒரு என்ரோல்ட் ஏஜென்ட் (ஐ.ஆர்.எஸ். உரிமம் பெற்ற வரி நிபுணர்) அம்மாவிடம் பழைய ரிட்டர்ன்களைக் காட்டினேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். “தம்பி, இதை யார் போட்டுக் கொடுத்தது?” பணம் வாங்கிக்கொண்டு ரிட்டர்ன் தயாரிப்பவர் கையெழுத்துப் போட்டு, ஐ.ஆர்.எஸ். தந்த தன் பதிவு எண்ணான பிடின் நம்பரையும் எழுத வேண்டிய கட்டம் அது. அதில் ‘செல்ஃப் ப்ரிப்பேர்ட்’ என்று அச்சாகியிருந்தது. அதாவது, எல்லாம் நானே போட்ட கணக்கு.

பிறகு விரல் விட்டு எண்ணிக் காட்டினார். 2022-இல் நான் இங்கே இருந்தது 209 நாள். வரிக்கு ரெசிடென்ட் ஆவதற்கான 183 நாள் கணக்கு அதிலேயே தாண்டிவிட்டதால் ஜூன் 6 முதல் ரெசிடென்ட், அதற்கு முன் நான்-ரெசிடென்ட். இதை டூயல் ஸ்டேட்டஸ் என்கிறார்கள். இதில், வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்து, முழு வருடத்துக்கும் எங்களை ரெசிடென்டாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு இணைத்தால் கிடைக்கும். 2022-இல் அது 25,900 டாலர். ஆனால் அப்படிக் கேட்டால் ஜனவரியிலிருந்து உலகத்தில் எங்கே சம்பாதித்ததையும் காட்டியாக வேண்டும். எங்கள் ஆள் டிடக்‌ஷனை எடுத்துக்கொண்டார். கடிதமும் இல்லை, இந்தியச் சம்பளமும் இல்லை.

வயிறு எரிந்தது இதற்குப் பிறகுதான். அந்தச் சம்பளத்தைக் காட்டியிருந்தாலும், ஊரில் கட்டிய வரியை ஃபாரின் டாக்ஸ் கிரெடிட்டாகக் கழித்தால் இங்கே கூடுதலாக ஒன்றும் வந்திருக்காது. ரீஃபண்டும் ஏறக்குறைய அதேதான். மனுஷன் மறைக்கத் தேவையே இல்லாததை மறைத்துவிட்டு அதற்குக் கமிஷனும் வாங்கியிருக்கிறார்!

செலவு வைத்தது ஊரில் இருந்த எஃப்.டி.தான். வெளிநாட்டில் கணக்கு உண்டா என்று ரிட்டர்னோடு சேரும் ஷெட்யூல் பி படிவத்தில் ஒரு கேள்வி வருகிறது. ‘இல்லை’ என்று டிக் அடித்திருந்தார். எல்லாக் கணக்கும் சேர்த்து வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலே எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு வரி எதுவும் கிடையாது, வெறும் தகவல்தான். எனக்கு எஃப்.டி.யும் சேவிங்ஸும் சேர்த்து 20 லட்சம், சுமார் 24,000 டாலர். வட்டியையும் காட்டவில்லை என்பதால் சும்மா தாமதமாக அனுப்பிவிட முடியாது. ஸ்ட்ரீம்லைன்ட் என்ற வழியில், வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்து, இருப்பில் 5 சதவீதம் அபராதம் கட்டினேன். கிட்டத்தட்ட 1,200 டாலர். விட்டுப்போன வட்டிக்கான வரி அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த அம்மாவின் கட்டணம் தனி.

சேவிங்ஸ் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றாமல் விட்டிருந்ததும் அன்றுதான் தெரிந்தது. அது என் சோம்பேறித்தனம், அவர்மேல் பழி போட மாட்டேன்.

கன்சல்டன்ட்டுக்குப் போன் செய்தேன். “கையெழுத்து உங்களுடையதுதானே பிரதர்?” என்றார். சட்டப்படி அது சரிதான், ரிட்டர்னுக்குப் பொறுப்பு நாம்தான். வாட்ஸ்அப் பேச்சு, கட்டணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் இணைத்து 14157 படிவத்தில் ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

இந்த வருடப் பொங்கல் விழாவில் அவர் ஸ்டால் போட்டிருந்தார். வரிசையில் நின்ற ஒரு பையனைத் தனியாகக் கூப்பிட்டு, “கடைசிப் பக்கத்துல அவர் கையெழுத்துப் போடுவாரான்னு மட்டும் கேளுப்பா” என்றேன். போய்க் கேட்டான். இரண்டே நிமிடத்தில் கேசரித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.